ஆச்சியின் பதில்கள்: படகில் வந்து முடியும் குகை

கேள்வி: என் ஆத்தாவுக்கு 71 வயது. அவர்களுடைய ஐயா பர்மாவில், மோல்மேனில் கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கம் ஒரு குகைக் கோயிலுக்குள் நடந்துபோய், ஏரியில் இறங்கிப் படகில் திரும்பலாம் என்று யாரோ சொன்னார்களாம். அதிலிருந்து கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் போய்வந்தவர் என்று அறிந்தேன். அழைத்துப்போகலாமா? (வாசகி, கண்டனூர்)

பதில்: இப்போது வேண்டாம், தங்கச்சி. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு அந்தக் குகை இருக்கும் கரேன் மாநிலத்தில் சண்டை மீண்டும் மூண்டுவிட்டது. வயதானவர்களை அழைத்துப்போகும் இடமாக இன்று அது இல்லை. ஆனால் ஆத்தாவிடம் 'முடியாது' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

2019 ஜனவரியில் நானும் என் அக்காளும் போனோம். எங்கள் ஐயாவும் மோல்மேனில் இருந்தவர்தான். 1942 ஜனவரிக் கடைசியில் ஜப்பான்காரர்கள் அந்த ஊரைப் பிடித்தார்கள். அதற்குச் சற்று முன்னால் புறப்பட்டுவந்த ஐயாவின் கையில் மிஞ்சியது ஒரு மரவை. அரக்குப் பூசிய அந்தச் சிவப்புக் கிண்ணம் இன்றும் எங்கள் வீட்டு இரட்டை அறையில் இருக்கிறது, மூடியில் விரல் பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். அது புறப்பட்ட ஊரைப் பார்க்கத்தான் போனோம். குகை வழியில் கிடைத்தது.

சத்தான் குகை என்பார்கள். பா-ஆன் என்ற ஊருக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் செங்குத்தாக எழும்பும் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஒன்றில் இருக்கிறது. வாசலில் வெள்ளை யானைச் சிலைகள். படியேறி உள்ளே போனால் வரிசையாகப் புத்தர்கள். முன்பகுதிதான் கோயில். அதற்கு அப்பால் விளக்கு மங்கி, வௌவால் எச்சத்தின் நெடி மூக்கில் ஏறும். தரை ஈரக் களிமண், வெறுங்காலுக்கு வழுக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் நடந்தபின், எதிரே ஒரு பெரிய வாசல்போல வெளிச்சம் திறக்கிறது. அதன் காலடியில் ஏரி.

அங்கேதான் படகு. மூன்று நான்கு பேர் உட்காரும் சின்னத் தோணி. ஏரியைக் கடந்து இன்னொரு மலையின் அடியில் நுழைகிறது. பாறைக்கூரை அவ்வளவு தாழ்வு, எல்லோரும் குனிந்தோம். படகோட்டி துடுப்பை மடியில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் பாறையைத் தொட்டுத் தள்ளித் தள்ளிப் படகை நகர்த்தினார். மேலிருந்து ஒரு சொட்டு அக்காள் நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்காமல், திருநீறு பூசிக்கொண்டதுபோல அப்படியே இருந்தாள். வெளியே வந்தால் நெல் வயலும் நாரையும். நம் ஊர்க் கண்மாய்க்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

செருப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வாசலில் கழற்றச் சொல்வார்கள். நாம் வெளியேறுவதோ மலையின் மறுபக்கம். வாசலிலேயே விட்டுவிட்டால் திரும்பும் வழி முழுவதும் வெறுங்கால்தான். அக்காள் விட்டுவிட்டாள், வரப்புக்கல் குத்தி இரண்டு நாள் நொண்டினாள். ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போகவேண்டும். மழைக்காலத்தில் குகைக்குள் தண்ணீர் ஏறிவிடும், நடக்க முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். என்றாவது அமைதி திரும்பினால் இதெல்லாம் உங்களுக்கு உதவும்.

கேள்வி: சத்தான் என்ற பெயருக்குப் பொருள் உண்டா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: உண்டு, நமக்குப் பக்கத்துச் சொல்தான். பாலியில் சத்தந்தா, வடமொழியில் ஷட்தந்தம்: ஆறு தந்தம். முற்பிறவி ஒன்றில் புத்தர் ஆறு தந்தமுள்ள யானை அரசனாகப் பிறந்தார் என்கிறது ஜாதகக் கதை. கோபம் கொண்டு இறந்த ஒரு மனைவி, மறுபிறவியில் ராணியாகப் பிறந்து, அவருடைய தந்தங்களைக் கொண்டுவர வேடனை அனுப்புகிறாள். வேடனால் அறுக்க முடியவில்லை. யானையே தன் தந்தத்தை அறுத்துக் கொடுத்துவிட்டு உயிர்விடுகிறது. அஜந்தாவிலும் இந்தக் கதையை வரைந்திருக்கிறார்கள். வாசலில் யானைகள் ஏன் நிற்கின்றன என்பது, வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கேள்வி: நம் பக்கத்தில், ஒரே நாளில் போய்வரக்கூடியதாக, இப்படித் தண்ணீரும் குகைக் கோயிலும் சேர்ந்த இடம் இருக்கிறதா? (வாசகி, காரைக்குடி)

பதில்: படகு கிடையாது, ஆனால் அதைவிட எனக்கு நெருக்கமான ஓர் இடம் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில் நார்த்தாமலை. அங்கே மேலமலையில் உள்ள ஒரு சுனையின் அடியில், பாறையைக் குடைந்த சிறு கருவறையில் லிங்கம் இருக்கிறது. எப்போதும் தண்ணீருக்குள். 1857-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் ராணி நீரை இறைக்கச் செய்து அதை வழிபட்டதாக அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. நாம் கரையில் நின்று, பச்சைத் தண்ணீருக்குள் இருக்கிறார் என்று நம்பிக் கும்பிடவேண்டியதுதான். எனக்கு அது குறையாகவே படவில்லை. சித்தன்னவாசலிலும் இதேபோல் நாவல் சுனை உண்டு.

சுனையைப் பார்த்துவிட்டு மேலே விஜயாலய சோழீஸ்வரம் கோயில் வரை ஏறுங்கள். கண்டனூர்த் தங்கச்சியும் ஆத்தாவை இங்கே அழைத்துவரலாம், பாறைச் சரிவில் கைபிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் கூட இருக்கட்டும். காலை 8 மணிக்குள் ஏறிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் வெறுங்காலுடன் நிற்க முடியாது.