வாசகர் கேள்வி – பதில்: ஆஸ்பத்திரிக் கட்டிலும் பச்சிளம் பிள்ளையும்

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் திருகோணமலையில் சிசேரியன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பிள்ளைகள் விழுவதும் உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்தால் போதாதா?
— ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: போதாது அம்மா. தலையணையை வைக்கவே வேண்டாம். அது விழுவதைத் தடுக்காது, முகத்தில் சரிந்தால் மூச்சையும் அடைக்கும். கட்டிலின் பக்கக் கம்பியையும் நம்ப முடியாது. அது பெரியவர்களுக்காகச் செய்தது. மெத்தைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள வெளியால் பிறந்த பிள்ளை நழுவவோ, அதற்குள் சிக்கவோ இடமுண்டு.

பிறந்து இரண்டு நாளான பிள்ளை தானாக உருளாது. அணைத்திருக்கும் தாய்க்குக் கண் அயர்கிறது, கை தளர்கிறது, பிள்ளை நழுவுகிறது. ஆஸ்பத்திரிகளில் பதிவான விழுகைகளில் பெரும்பாலானவை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், பால் கொடுத்தபடி தாய் தூங்கிப்போனபோது நடந்தவை. அமெரிக்காவில் வெளியான சில கணக்குகள் 10,000 பிறப்புக்கு ஏறக்குறைய 2 முதல் 4 என்கின்றன. தாய்மார் பயந்து சொல்லாமல் விட்டவை அதில் சேரவில்லை.

ஆகவே இதைக் கவனயீனம் என்று ஏசுவது நியாயமே இல்லை. பிரசவத்தோடு இழந்த தூக்கம், பெத்தடின், மோர்பின் போன்ற வலி மருந்துகள், பால் கொடுக்கும்போது சுரந்து உடம்பைத் தளர்த்தும் ஹோர்மோன்கள் என்று எல்லாம் ஒன்றாக அவளைத் தூக்கத்துக்குள் இழுக்கின்றன. இரண்டாம் இரவு இன்னும் கடினம். பால் இன்னும் நன்றாக இறங்கியிருக்காது, பிள்ளை மணிக்கொரு தடவை மார்பு தேடும். சிசேரியன் தாய்க்கு இன்னொரு சிக்கல்: வயிற்றுக் காயத்தோடு திரும்பிப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்த முடியாது. “கொஞ்ச நேரம் பக்கத்திலேயே கிடக்கட்டும்” என்று விடுவது அதனால்தான்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். தொட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். அதைக் கட்டிலோடு ஒட்டி, சில்லுகளைப் பூட்டி வையுங்கள். கட்டிலை இறக்கக்கூடிய அளவுக்கு இறக்குங்கள். துணைக்கு ஒருவர் நிற்க விடுதியில் அனுமதி இருந்தால், பால் கொடுத்து முடியும்வரை விழித்திருந்து, பிள்ளையை வாங்கித் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்துவதுதான் அவருடைய வேலை. ஒரே ஆள் இரவு பகல் நின்றால் அவருக்கும் கண் சொருகும். பிளாஸ்டிக் கதிரையில் பிள்ளையை மடியில் வைத்தபடி தூங்குவது கட்டிலைவிட ஆபத்து. அம்மம்மாவும் சித்தியும் முறை மாறி நில்லுங்கள்.

பகலில் மகளைத் தூங்க விடுங்கள். பார்வையாளர் நேரத்தில் வருகிறவர்கள் எல்லோரோடும் அவள் கதைத்துக்கொண்டிருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அந்த ஒரு மணித்தியாலத் தூக்கம் அன்றிரவு பிள்ளையைக் காக்கும்.

கேள்வி: இரவில் துணைக்கு யாரும் இல்லாவிட்டால்?
— ஒரு வாசகி, மூதூர்

பதில்: பால் கொடுக்கத் தொடங்கும் முன்பே தாதியிடமோ மருத்துவமாதிடமோ “இப்ப பால் குடுக்கப் போறன், கொஞ்சத்தால வந்து பாருங்கோ” என்று சொல்லிவையுங்கள். கண் சொருகிய பிறகு கூப்பிட நினைவு வராது. கைபேசியில் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். தலைமாட்டைச் சற்று உயர்த்துங்கள், வெளிச்சத்தை முற்றாக அணைக்க வேண்டாம். பக்கத்துக் கட்டில் தாயோடும் பேசி வையுங்கள். ஒருவர் பால் கொடுக்கையில் மற்றவர் ஒரு கண் வைத்திருப்பது பெரிய உதவி.

மலசலகூடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். முதல் தடவை எழும்பும்போது இரத்த இழப்பால் தலை சுற்றும். முதுகில் போட்ட விறைப்பு ஊசியின் வேகம் கால்களில் சில மணித்தியாலம் நிற்கும். ஈரத் தரையும் சேலைன் குழாயும் காலைத் தடுக்கும். விடுதிக்குள் பிள்ளையை இடம் மாற்றுவதானால் தொட்டிலோடு தள்ளிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பிள்ளை விழுந்து, அழுது, பிறகு வழமைபோலப் பால் குடித்தால் சொல்லத்தான் வேண்டுமா? ஏச்சு விழுமே.
— பெயர் குறிப்பிட விரும்பாத தாய், கிண்ணியா

பதில்: அந்த நிமிடமே சொல்லுங்கள். மண்டையோட்டின் பக்க எலும்பில் மெல்லிய வெடிப்பு இருந்தாலும் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கலாம். வெளியில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம்.

பிள்ளையைக் குலுக்காதீர்கள், வீக்கத்தில் எண்ணெய் தேய்க்காதீர்கள். தூக்கிவிட்டீர்கள் என்றால் மட்டமாகக் கிடத்திவிட்டுத் தாதியைக் கூப்பிடுங்கள். நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து, எந்தத் தரையில், எந்தப் பக்கம் அடிபட்டது. பிறந்தவுடன் விற்றமின் கே ஊசி போட்டதா என்றும் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். போடாத பிள்ளைக்கு உள்ளே இரத்தம் கசியும் அபாயம் கூட. பிறக்கும்போதே தலையில் வீக்கம் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இல்லையேல் புதிய வீக்கத்தைப் பழையதென்று எண்ணிவிடுவார்கள்.

வைத்தியர் ஒரு நாளளவு கண்காணிப்பில் வைத்திருக்கச் சொன்னால், வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள். வீடு போன பிறகு உச்சிக்குழி புடைத்தால், பிள்ளை திரும்பத் திரும்பச் சத்தியெடுத்தால், பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், தலையின் பக்கத்தில் மெத்தென்று வீங்கினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டில் எண்ணெய் பூசிக் குளிப்பாட்டலாமா? கை வழுக்காதா?
— ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: வழுக்கும். எண்ணெய் பூசினால் நிலத்தில் காலை நீட்டியிருந்து, கால்மேல் கிடத்தியே பூசுங்கள், அங்கேயே குளிப்பாட்டுங்கள். உலர்ந்த துவாயில் சுற்றிய பிறகுதான் எழும்ப வேண்டும். இன்னொருவர் கைக்குக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் தலையையும் இடுப்பையும் பிடித்து “பிடிச்சிட்டன்” என்று வாயால் சொல்லும்வரை உங்கள் கையை விடாதீர்கள்.