லேப் சரி என்கிறது, உலை இல்லை என்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலுமினா பாகங்களை 1500 டிகிரியில் சுடும் உலை எங்களுடையது. அதிலுள்ள எஸ் டைப் தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகளைச் சேர்த்து, அதில் பிறக்கும் மின்னழுத்தத்தை வைத்து வெப்பநிலை அளக்கும் கருவி), சில மாதம் ஓடியபின், புதிதைவிட 6 டிகிரி குறைத்துக் காட்டுகிறது. கழற்றி, அளவு சரியா என்று சோதிக்கும் கேலிபரேஷன் லேபுக்கு அனுப்பினால் சரியாக இருப்பதாகச் சான்றிதழ் வருகிறது. எதை நம்புவது?

பதில்: உலையில் பார்த்ததை நம்புங்கள். லேபும் பொய் சொல்லவில்லை. மின்னழுத்தம் கம்பிகள் சேரும் முனையில் பிறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, சூடு படிப்படியாகக் குறைகிற இடத்தில், அதாவது உலைச் சுவரைக் கடக்கும் துண்டில்தான் பிறக்கிறது. எஸ் டைப்பில் ஒரு கம்பி சுத்தப் பிளாட்டினம், மற்றதில் 10 சதவீதம் ரோடியம். அந்தச் சூட்டில் ரோடியம் ஆக்சைடாகி, ஆவியாகப் போய்ப் பிளாட்டினக் கம்பியில் ஏறுகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய அளவும் இறங்குகிறது. டிகிரிக்கு 12 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கிறது, அதனால் 70 மைக்ரோவோல்ட் போனாலே உங்கள் 6 டிகிரி போய்விடும். லேபில் இன்னும் ஆழமாக இறக்கியிருந்தால், சூடு குறையும் இடம் கெடாத கம்பியில் விழுந்திருக்கும். அப்புறம் சான்றிதழ் சுத்தமாகத்தானே வரும்!

இதில் கவலைப்பட வேண்டியது, உலையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இந்தக் குறைந்த அளவை நம்பி உலையை மேலும் சூடாக்கும் என்பது. திரையில் 1500 இருக்கும்போது உள்ளே 1506. ஆகவே பழையதை அசைக்காமல், பக்கத்தில் அதே ஆழத்தில் புதியதை இறக்கி ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். தெர்மோகப்பிளை மூடியிருக்கும் உறை உயர்தூய்மை அலுமினாவா என்று பாருங்கள், முல்லைட் என்ற பீங்கான் என்றால் மாற்றிவிடுங்கள்: அதில் சிலிக்கா உண்டு, ஆக்சிஜன் குறைந்த சூழலில் அதிலிருந்து வரும் சிலிக்கான் பிளாட்டினத்தை நொறுங்க வைத்துவிடும். உள்ளே இரு கம்பிகளும் தனித்தனியாகப் போகும் இரட்டைத் துளைக் குழாய் ஒட்டுப்போடாத ஒரே நீளமாக இருக்கட்டும், துண்டு துண்டாக இருந்தால் இடைவெளி வழியே ரோடியம் ஆவி எளிதாகத் தாண்டும்.

எப்போதும் 1500-இல்தான் ஓட்டுவீர்கள் என்றால் என் யோசனை பி டைப். அதில் இரண்டு கம்பியிலும் ரோடியம் உண்டு, 30 சதவீதமும் 6 சதவீதமும், ரோடியம் கொஞ்சம் இடம் மாறினாலும் பாதிப்பு குறைவு. கன்ட்ரோலர் செட்டிங்கையும் பி டைப்புக்கு மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: தங்கம், பிளாட்டினம் சேர்ந்த தெர்மோகப்பிள் காட்டும் அளவு நாளாக நாளாக மாறாதாமே?

பதில்: இரண்டும் சுத்த உலோகம், கலவை இல்லாததால் ரோடியம் தொல்லையே இல்லை, ரொம்ப நிலையானது. ஆனால் 1000 டிகிரி வரைதான். 1064-இல் தங்கம் உருகிவிடும்.