தவறான பாகத்தை மாற்றிய பில்லுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கரூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் பெட்ரோல் கார் வாங்கி நான்கு வருடம் ஆகிறது, 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சென்ற ஜனவரியில் மேடு ஏறும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது, செக் எஞ்சின் விளக்கு மினுக்கியது. திருச்சியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். முதல் தடவை நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்த தடவை இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். இரண்டு பில்லும் சேர்த்து 24,600 ரூபாய். மூன்றாவது தடவை, இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 41,000 ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன். எங்கள் தெரு மெக்கானிக் பதினைந்தே நிமிடத்தில் இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில்தான் பழுது என்று கண்டுபிடித்தார். 2,850 ரூபாயில் வண்டி சரியானது. ஆனால் இப்போது பிக்கப் குறைந்திருக்கிறது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்துவிட்டது என்கிறார். சர்வீஸ் சென்டரில் கேட்டால், ‘நீங்கள் ஒப்புதல் கொடுத்த வேலையைத்தான் செய்தோம்’ என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? வக்கீல் வைத்தே ஆக வேண்டுமா?

பதில்: சகோதரி, பெட்ரோல் பம்புக்கும் இன்ஜெக்டர் வேலைக்கும் கொடுத்த பணத்தைக் கேட்க உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது. கன்வர்ட்டர் செலவையும் கேட்கலாம், ஆனால் அதை நிரூபிக்க அதிகம் பாடுபட வேண்டும்.

முதலில் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று பார்ப்போம். ‘பழுது பார்ப்பதில் கணிப்பு தவறுவது சகஜம்’ என்பார்கள். அது உண்மைதான். ஒரு கணிப்பு தவறியதற்காக மட்டும் எந்த நுகர்வோர் ஆணையமும் சேவைக் குறைபாடு என்று சொல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11) சொல்கிற குறைபாடு வேறு: செய்ய ஒப்புக்கொண்ட வேலையை, அதற்குரிய தரத்திலும் முறையிலும் செய்யாமல் விடுவது. ஆகவே கேள்வி, கவனமுள்ள ஒரு ஒர்க்‌ஷாப் அந்த இடத்தில் என்ன செய்திருக்கும் என்பதுதான்.

இங்கேதான் உங்கள் மெக்கானிக்கின் பதினைந்து நிமிடம் முக்கியமாகிறது. உங்கள் வண்டியில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் இருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி பிளக்கில் பொறி வர வைப்பது அதன் வேலை. இரண்டாவது சிலிண்டரில் பொறி தவறினால் ஸ்கேனர் பொதுவாக பி0302 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டும். அப்போது இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதன் இடத்தில் போட்டு, குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0303 ஆக மாறினால் பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். பி0302-ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் என்று மேலே போகலாம். இதற்குப் புதுப் பாகம் ஒன்றும் வேண்டாம். ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். இன்னொன்று: பெட்ரோல் பம்ப் நான்கு சிலிண்டருக்கும் பொது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தவறும்போது பம்பை மாற்றியது ஏன் என்பதற்கு அவர்களால் எளிதில் பதில் சொல்ல முடியாது.

எனவே வழக்கின் உயிர் ஜாப் கார்டிலும் (வண்டியில் சொன்ன குறையையும் செய்த வேலையையும் பதியும் தாள்) ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. மூன்று வருகைக்குமான நகலை எழுத்து மூலம் கேளுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முதல் நாளே பி0302 பதிவாகியிருந்தால், அந்த ஒரு வரியை வைத்தே அவர்களைக் கேள்வி கேட்கலாம். கொடுக்க மறுத்தால், அந்த ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்தில் மனு போடலாம்.

ஒப்புதல் கொடுத்தீர்கள் என்ற வாதத்துக்கு மயங்க வேண்டாம். ‘பம்ப் போய்விட்டது’ என்று அவர்கள் சொன்னதை நம்பித்தானே ஒப்புதல் கொடுத்தீர்கள்? பணத்தையும் கட்டிவிட்டேனே என்று வருந்தவும் வேண்டாம். வேலை பார்த்த கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. கட்டாமல் மல்லுக்கட்டியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பில்லில் சந்தேகம் இருந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டுங்கள்.

பழைய காயிலைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மெக்கானிக்கிடம் இருந்தால் இன்றே வாங்கி, கவரில் போட்டு, தேதியும் வண்டி எண்ணும் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். அதன் கீழ்ப்பக்க ரப்பர் குழாயை வெளிச்சத்தில் பாருங்கள். மின்சாரம் பக்கவாட்டில் கசிந்திருந்தால் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய தடம் தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே சுற்று அறுந்திருக்கலாம். அப்புறம், பிளக் குழிகளில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து எண்ணெய் இறங்கினால் புதுக் காயிலும் சீக்கிரம் போய்விடும். நான்கு பிளக்கையும் கழற்றி மாட்டியவர்கள் அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அதையும் புகாரில் சேர்க்கலாம். மெக்கானிக் என்ன செய்தார், ஸ்கேனர் என்ன காட்டியது என்பதை அவரிடம் உறுதிமொழிப் பத்திரமாக வாங்குங்கள். ஆணையத்தில் பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஆவணத்தையும் வைத்துத்தான் விசாரணை நடக்கும்.

பிளக் மாற்றிய பணத்தை மட்டும் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். 46,000 கி.மீ. ஓடிய வண்டிக்குப் பல மாடல்களில் பிளக் மாற்ற வேண்டிய காலம்தான் அது. நியாயமாகக் கேட்பவருக்கு ஆணையத்தில் மதிப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

இனி கன்வர்ட்டர். பொறி தவறிய சிலிண்டரின் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் கன்வர்ட்டரில் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். விளக்கு மினுக்குவது அதற்கான எச்சரிக்கைதான். ‘மினுக்கும்போதே ஓட்டினீர்களே’ என்று உங்களைக் கேட்பார்கள். ஓட்டலாம் என்று சர்வீஸ் அட்வைசர் சொன்ன வாட்ஸ்அப் செய்தியோ குரல் பதிவோ இருந்தால் அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள். பழுதான காயிலால்தான் கன்வர்ட்டர் போனது என்று சொல்ல ஒரு நிபுணரின் அறிக்கை தேவைப்படும். நிபுணரை நியமிக்கும்படி ஆணையத்தையே கேட்கலாம், செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

நடைமுறை எளிது. 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம், சில சமயம் அங்கேயே சமரசம் ஆகிவிடும். இல்லையென்றால் கரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சர்வீஸ் சென்டர் திருச்சியில் இருப்பது தடையில்லை, நீங்கள் வசிக்கும் ஊரில் தாக்கல் செய்ய பிரிவு 34 அனுமதிக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் கன்வர்ட்டரையும் கேட்பதாக இருந்தால் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

நிபுணர் பார்க்கும்வரை கன்வர்ட்டரை மாற்றாதீர்கள். அவசரத்துக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றும்போது வீடியோ எடுத்து, பழையதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். பிளாட்டினம், பல்லேடியம் இருப்பதால் பழைய கன்வர்ட்டருக்கு நல்ல விலை உண்டு. நீங்கள் கேட்காவிட்டால் அது கடையிலேயே தங்கிவிடும்.