நீர்க்கட்டி டெஸ்ட்டுக்கு எந்த நாளில் போவது?

கேள்வி: எனக்கு 28 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். தேயிலை பாக்டரியில் கணக்கு எழுதுகிறேன். திருமணமாகி இரண்டரை வருடம். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கிளம்பிவிடுவார். எனக்கு மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறை வரும், சில சமயம் 70 நாள்கூட ஆகும். கல்யாணத்துக்குப் பிறகு 8 கிலோ ஏறி இப்போது 68 கிலோ. தாடையில் முடி வளர்கிறது. கீழே ஒரு சென்டரில் ஸ்கேன் எடுத்தபோது 'பி.சி.ஓ.டி.' என்று எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து இங்கே மலையில் எடுத்ததில் 'நார்மல்'. எதை நம்புவது? ஒரு லேபில் எல்லா ஹார்மோன் டெஸ்ட்டையும் பேக்கேஜாக ஒரே நாளில் எடுக்கலாம் என்கிறார்கள். லீவு கிடைக்கும் நாளில் போய் எடுத்துவிடலாமா? முட்டை வெடிக்கும் நாளைக் காட்டும் கிட்டில் தினமும் இரண்டு கோடு வருகிறது. அத்தை கழற்சிக்காய் சாப்பிடச் சொல்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறார்கள்.

பதில்: இரண்டு ஸ்கேனுமே சரியாக இருக்கலாம். ஒன்று வயிற்றின் மேல் வைத்து எடுத்ததாக இருக்கும், மற்றது பிறப்புறுப்பு வழியாக எடுத்ததாக இருக்கும். மெஷின் பழசா புதுசா, எடுத்தது மாதவிலக்கின் எத்தனையாவது நாள், எண்ணியவர் எவ்வளவு பொறுமைசாலி, இவற்றை வைத்தும் ரிப்போர்ட் மாறும்.

பி.சி.ஓ.டி., பி.சி.ஓ.எஸ். என்று டாக்டர்கள் எழுதுவதற்குத் தமிழில் சொல்லும் நீர்க்கட்டி என்ற பெயரே ஒரு வில்லங்கம். கட்டி என்றதும் அறுத்து எடுக்க வேண்டிய ஏதோ ஒன்று என்று வீடே பயந்துவிடுகிறது. ஸ்கேனில் கறுப்பு மணிகள் போலத் தெரிபவை கட்டிகள் அல்ல. முட்டை வளரும் சிறு பைகள் அவை. ஒவ்வொரு மாதமும் அதில் ஒன்று முந்திக்கொண்டு வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விட வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குப் பல பைகள் பாதி வளர்ந்து நின்றுவிடுகின்றன. பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் ஒரு சினைப்பையில் 20 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இப்போது கணக்கில் எடுக்கிறோம். முன்பு 12 இருந்தாலே போதும் என்றிருந்தது. ஆகவே பழைய கணக்கில் 'இருக்கிறது' என்றானது புதிய கணக்கில் 'இல்லை' என்றும் ஆகலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இந்த ஸ்கேன் சண்டையே தேவையில்லை. 2003இல் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த வழிதான் இன்றும் அடிப்படை. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருப்பது, ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பது (ரத்தத்தில் தெரியலாம், அல்லது முகத்து முடியிலேயே தெரியலாம்), சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும். 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவது உங்களுக்கு முதலாவது. தாடை முடியை ஒரு டாக்டர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால் அது இரண்டாவது. அதன்பின் ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்தாலும் முடிவு மாறாது. அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்முன் பார்லரில் த்ரெட்டிங் செய்துகொண்டு போகாதீர்கள். வெட்கப்பட்டு எடுத்துவிட்டு வந்தால் நாங்கள் எதைப் பார்ப்பது?

இதே அறிகுறிகளோடு வேறு கோளாறும் ஒளிந்திருக்கலாம். அதை விலக்கத்தான் ரத்தப் பரிசோதனைகள். பேக்கேஜ் விஷயம் இங்கேதான் வருகிறது.

லீவு கிடைத்த நாளில் போய் எல்லாவற்றையும் எடுத்தால் பாதிக் காசு வீண். தைராய்டுக்கான டி.எஸ்.எச். எந்த நாளிலும் எடுக்கலாம். ஏ.எம்.எச். என்பதும் அப்படியே. சினைப்பையில் எத்தனை பைகள் இருக்கின்றன என்பதை அது தோராயமாகச் சொல்லும். 2023 சர்வதேச வழிகாட்டலின்படி பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாகவும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் இரண்டு அறிகுறியும் இருப்பவருக்கு ஸ்கேனும் வேண்டாம், ஏ.எம்.எச்.சும் வேண்டாம் என்பது அதே வழிகாட்டல். பேக்கேஜில் விலையை ஏற்றுவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். ஏ.எம்.எச். அதிகமாக இருந்தால் குழந்தை சீக்கிரம் நிற்கும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., அதை வெடிக்க வைக்கும் எல்.எச்., ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றை மாதவிலக்கின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள், காலையில் கொடுப்பது நல்லது. ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான் 1ஆம் நாள். முந்தின நாள் பட்ட கறை கணக்கில் இல்லை. 17 ஓ.எச். புரோஜெஸ்டிரோன் என்று ஒன்று உண்டு, அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்க. அதையும் இதே நாட்களில் காலையில் எடுக்க வேண்டும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கோத்தகிரியிலிருந்து வளைவு வளைவாக பஸ்ஸில் வந்து, வாந்தி எடுத்து, லேப் வாசலில் ஓடி ஏறிக் கையை நீட்டினால் அது கொஞ்சம் ஏறித்தான் காட்டும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள். லேசாக ஏறியிருந்தால் பயப்படாமல் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இங்கே பனிக்காலம் வந்தாலே பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள். அது சில லேப் மெஷின்களை ஏமாற்றி, தைராய்டையும் ஹார்மோனையும் தப்பாகக் காட்ட வைக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையோ மாதவிலக்கைச் சீராக்கும் ஹார்மோன் மாத்திரையோ சாப்பிட்டிருந்தால், நிறுத்தி 3 மாதம் ஆன பிறகுதான் ஆண் ஹார்மோன் கணக்கு நம்பும்படி வரும்.

'21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்' என்று பேக்கேஜில் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். முட்டை வெளியேறியதா என்று பார்க்க, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 7 நாள் முன்பு எடுக்க வேண்டிய சோதனை அது. 28 நாள் சுற்று உள்ளவருக்கு அது 21ஆம் நாள். உங்களுக்கு 33ஆம் நாளாகவும் இருக்கலாம், 63ஆம் நாளாகவும் இருக்கலாம். 45 நாள் சுற்று உள்ள ஒரு பெண் 21ஆம் நாள் ரிப்போர்ட்டை மூன்று தடவை எடுத்துவைத்துக்கொண்டு, "எனக்கு முட்டையே வருவதில்லையாம்" என்று என் முன்னால் அழுதிருக்கிறார். அவருக்கு வந்துகொண்டுதான் இருந்தது, தாமதமாக. உங்கள் சுற்று இவ்வளவு நீளம் என்பதே முட்டை ஒழுங்காக வரவில்லை என்று சொல்லிவிடுகிறது. உங்களுக்காக இந்தச் சோதனைக்கு நான் இப்போது காசு செலவழிக்க மாட்டேன்.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது ஒரு நோட்டு. பாக்டரியில் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ இலை வந்தது என்று எழுதுகிறவர் நீங்கள். மாதவிலக்குத் தேதியை மட்டும் "போன மாசம் கோயில் பண்டிகைக்கு முன்னாடி" என்று சொல்லாதீர்கள். தொடங்கிய தேதி, நின்ற தேதி, கணவர் வீட்டில் இருந்த நாட்கள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு 55 நாள் சராசரி என்று வைத்தால், ஆண்டுக்கு ஆறு ஏழு முறைதான் முட்டை வர வாய்ப்பு. மற்றவர்களுக்கு 12, 13. முட்டை வருவதற்கு முந்தின இரண்டு மூன்று நாட்கள்தான் கரு தரிக்க மிக நல்ல நாட்கள். அந்த நாட்கள் சனி, ஞாயிறில் விழ வேண்டும். இரண்டரை வருடம் என்று ஊர் எண்ணுகிறது. உண்மையில் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்புகள் கைவிரலுக்குள் அடங்கலாம். ஒரு வருடம் முயற்சி செய்துவிட்டு வாருங்கள் என்பது மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்குச் சொல்வது. உங்களைப் போன்றவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

கிட்டில் தினமும் இரண்டு கோடு வருவது உங்கள் தவறு இல்லை. அது எல்.எச். ஏறுவதைப் பார்க்கும் கருவி. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்தே இருக்கும். அதை ஓரமாக வையுங்கள்.

சர்க்கரைக்கு வருகிறேன். பேக்கேஜில் பெரும்பாலும் விடுபடுவது இது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை ஏற வாய்ப்பு அதிகம். கரு உருவான முதல் சில வாரங்களில், அதாவது உங்களுக்கே தெரியாத நாட்களில், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகின்றன. அப்போது சர்க்கரை உயர்ந்திருக்கக் கூடாது. இரவு முழுக்கப் பட்டினி இருந்து ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது அளவு 140க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். 200 தொட்டால் நீரிழிவு. ஒருவரை இதற்கு அனுப்பிவிட்டு, வெறும் வயிறு என்றால் டீயும் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன். குளிருக்கு பஸ் ஸ்டாண்டில் சர்க்கரை போட்ட டீ ஒன்று குடித்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்தது வீண். தப்பு என்னுடையது. தண்ணீர் குடிக்கலாம், டீ கூடாது.

மூன்று மாத சராசரி சர்க்கரை சோதனை மட்டும் போதாதா என்று கேட்பார்கள். ரத்தசோகை இருந்தால் அது தப்பாகக் காட்டலாம். நீலகிரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு ரத்தசோகை இந்தியாவில் முதன்முதலில் 1952இல் பதிவானது இந்த மலையின் பழங்குடியினரிடம்தான். அந்தக் குணம் குடும்பத்தில் இருந்தாலும் இந்தச் சோதனை ஏமாற்றும். அப்படிப்பட்ட குடும்பங்களில் கருத்தரிக்கும்முன் கணவன் மனைவி இருவருமே அதற்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், கூடலூர், பந்தலூர் பக்கம் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் கீழே இறங்க வேண்டியதில்லை. டாக்டர் பார்வை, ரத்தம், குளுக்கோஸ் சோதனை எல்லாம் மலையிலேயே முடியும்; ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஸ்கேன் கேட்டால், கர்ப்பப்பையையும் பார்க்க ஒருமுறை எடுப்பதில் தப்பில்லை. வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் என்றால் சிறுநீர் நிரம்பி இருக்க வேண்டும். அதற்காக வீட்டிலேயே ஒரு லிட்டர் குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். சென்டருக்குப் போய்க் குடியுங்கள். கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரேவை முதலிலேயே எடுக்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. முன்பு காசநோயோ, இடுப்புப் பகுதியில் கிருமித்தொற்றோ, குடல்வால் வெடித்த கதையோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்போது முன்கூட்டியே எடுப்பார்கள்.

சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். டாக்டர் லெட்ரோசோல் எழுதிக்கொடுத்து, நீங்கள் போனில் தேடினால் 'மார்பகப் புற்றுநோய் மாத்திரை' என்று வரும். திடுக்கிட வேண்டாம். இந்தியாவில் 2011இல் குழந்தையின்மைக்கு அதைத் தரத் தடை விதித்து, 2017இல் நீக்கிவிட்டார்கள். பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பழைய குளோமிஃபீன் மாத்திரையில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரோசோலில் 27.5 சதவீதம். முட்டை வரவைக்க இன்று முதலில் தருவது இதுதான். ஆனால் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரை இல்லை.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு மாதவிலக்கு தானாகச் சீராகிறது. உங்களுக்கு அது மூன்றரை கிலோ. பாக்டரியில் ஒரு நாளைக்கு எத்தனை டீ? ஆறு டீ, இரண்டு ஸ்பூன் என்றால் 50, 60 கிராம் சர்க்கரை, கூடவே வர்க்கி. அங்கே தொடங்குங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பிக்கலாம், அளவை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

கழற்சிக்காய் விஷயத்தில் அத்தையின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. அதனால் முட்டை வரும், குழந்தை நிற்கும் என்பதற்கு நம்பும்படி ஆதாரம் இல்லை. நாள் தள்ளிப் போவது உங்களுக்கு வழக்கம். அதில் ஒரு தடவை உண்மையிலேயே கர்ப்பமாக இருந்தால் தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் வேண்டாம். இதே காரணத்துக்காக, மாதவிலக்கை வரவைக்கும் மாத்திரையை யார் எழுதிக்கொடுத்தாலும், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் வாயில் போட வேண்டும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் வராத டெஸ்ட். உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை. உங்களுக்கு ஊசி குத்தத் தொடங்கும் அதே வாரத்தில் அவருக்கும் நடக்க வேண்டும். மலையிலிருந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போவதெல்லாம் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குள் லேப் கைக்குப் போக வேண்டும், குளிரவும் கூடாது. அவர் கோயம்புத்தூரில்தானே இருக்கிறார்? கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிறு இரவை வைத்துக் கணக்குப் போட்டால், புதன் அல்லது வியாழன் காலை லேபிலேயே போய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம். அதற்கு முந்தின மூன்று மாதத்துக்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். கொடுத்த தேதியை உங்கள் நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.