சிதைவு வினைச் சமன்பாட்டில் ஆக்சிஜன் சமனாகாதபோது

லெட் நைட்ரேட்டைச் சூடுபடுத்தினால் லெட் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் ஆகியவை கிடைக்கின்றன. இந்தச் சமன்பாட்டில் லெட்டும் நைட்ரஜனும் சமனான பிறகும் ஆக்சிஜன் மட்டும் சமனாகவில்லை என்றும், ஆக்சிஜன் வாயுவை ஒற்றை அணுவாக எழுதிவிடலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அப்படி எழுதக் கூடாது. வாய்ப்பாட்டில் உள்ள கீழ்க்குறி எண்கள் அந்தப் பொருள் எது என்பதையே சொல்பவை. ஓர் ஆக்சிஜன் அணு கூடினாலே நீரின் வாய்ப்பாடு ஹைட்ரஜன் பெராக்சைடின் வாய்ப்பாடாகிவிடும். வாய்ப்பாட்டுக்கு முன்னால் நிற்கும் குணகங்களை மட்டுமே நாம் மாற்றலாம்.

ஒரே பொருள் பல பொருள்களாகப் பிரியும் சிதைவு வினையில் வினைபடுபொருள் ஒன்றே என்பது பெரிய வசதி. அதன் குணகத்தை 1 என வைத்துக்கொண்டு, அதிலுள்ள அணுக்களை வலப்பக்கத்துக்குப் பங்கிடுங்கள். தனித்த தனிமமாக வெளிவரும் ஆக்சிஜனின் குணகத்தை மாற்றினால் வேறெந்தத் தனிமத்தின் கணக்கும் கலையாது என்பதால், அதைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள். லெட் நைட்ரேட்டின் ஓர் அலகில் லெட் 1, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6 அணுக்கள் உள்ளன. ஆகவே லெட் மோனாக்சைடு 1, நைட்ரஜன் டை ஆக்சைடு 2. இவை 5 ஆக்சிஜன் அணுக்களை எடுத்துக்கொள்ள, எஞ்சுவது 1. ஆக்சிஜன் மூலக்கூறில் 2 அணுக்கள் இருப்பதால் அதன் குணகம் அரை. மாணவர்கள் வாய்ப்பாட்டைத் திருத்தத் துணிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அரை மூலக்கூறு என ஒன்று இல்லை, ஆனால் மூலக்கூறுகளைப் பெருந்தொகையாக எண்ணும் அலகான மோலில் அரை மோல் உண்டு. எனவே பின்னம் வந்ததைப் பிழையெனக் கருத வேண்டாம். எல்லாக் குணகங்களையும் 2 ஆல் பெருக்கினால் லெட் நைட்ரேட் 2, லெட் மோனாக்சைடு 2, நைட்ரஜன் டை ஆக்சைடு 4, ஆக்சிஜன் 1 என முழு எண்கள் கிடைக்கும். இருபுறமும் ஆக்சிஜன் அணுக்கள் 12. குணகங்களை மோல்களாகக் கொண்டு நிறையையும் கூட்டிப் பாருங்கள்: இடப்பக்கம் 662 கிராம், வலப்பக்கம் 446, 184, 32 சேர்ந்து அதே 662.

பெர்ரஸ் சல்பேட் சிதையும்போது தனித்த தனிமம் எதுவும் வெளிவருவதில்லை. அங்கே ஃபெரிக் ஆக்சைடிலுள்ள 2 இரும்பு அணுக்களிலிருந்து தொடங்கி, பெர்ரஸ் சல்பேட்டுக்கு 2 என இடுங்கள்; 2 சல்பர் அணுக்களும் சல்பர் டை ஆக்சைடுக்கு ஒன்று, சல்பர் டிரை ஆக்சைடுக்கு ஒன்று எனப் பிரிந்ததும், ஆக்சிஜன் 8 தானாகவே சரியாக அமையும்.

பொட்டாசியம் குளோரேட்டைச் சிதைக்கும்போது அதனுடன் சேர்க்கும் மாங்கனீசு டை ஆக்சைடு, வினையை விரைவுபடுத்திவிட்டு இறுதியில் அப்படியே எஞ்சும் வெறும் வினையூக்கி என்பதால், அதை அம்புக்குறியின் மேல் எழுதுங்கள். அதன் ஆக்சிஜனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.