விவாகரத்து நடந்துகொண்டிருக்கும்போது ஓர் அம்மாவுக்குத் தெரபி எந்த வகையில் உதவும்? வெறும் பேச்சால் என்ன மாறிவிடும்?

வழக்கு நடக்கிறது, தூக்கம் போய்விட்டது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரபியால் வழக்கு முடியாது, உங்கள் கணவரும் மாறமாட்டார். ஆனால் உங்கள் தூக்கம், பிள்ளைகளிடம் பேசும் தொனி, அவருக்கு அனுப்பும் பதில் ஆகிய மூன்றையும் மாற்றலாம். பிள்ளைகளின் அன்றாடம் இந்த மூன்றையும் பொறுத்துத்தான் இருக்கிறது.

உடைந்துபோவது பலவீனம் என்று நினைக்காதீர்கள். 1967ல் ஹோம்ஸ், ரே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை நெருக்கடிகளுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியலிட்டபோது, வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, அதற்கு அடுத்தபடியாக விவாகரத்துக்கு 73 என்று வந்தது.

செஷன் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம் இருக்கும். தொடக்கத்தில் பல தெரபிஸ்டுகள் பிஹெச்க்யூ-9 என்ற மனச்சோர்வுப் படிவம் தருவார்கள். கடந்த இரண்டு வாரம் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று கவனமாகப் பார்ப்பார்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. ‘உண்மையைச் சொன்னால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ’ என்ற பயத்தில் பல அம்மாக்கள் இங்கே 0 போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அந்த எண்ணம் தீவிரமாக வந்தால் அடுத்த செஷன்வரை காத்திருக்கவும் வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பயத்துக்கு வழி, முதல் நாளே நேராகக் கேட்டுவிடுவது: “நான் பேசுவதை நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வீர்கள்?” விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வக்கீலிடமும் கேளுங்கள். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற அறிக்கையை உங்கள் தெரபிஸ்டிடம் கேட்காதீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர் அதை எழுதுவது முறையல்ல. அதோடு, அறிக்கை வரப்போகிறது என்று தெரிந்தால் நீங்களும் ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுத்தான் பேசுவீர்கள். பிறகு தெரபி எங்கே நடக்கும்?

செஷனுக்கு ஒரே ஒரு விஷயத்தோடு போங்கள். ‘எல்லாமே போச்சு’ என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘பிள்ளையைக் கொண்டுவிடும் நேரத்தில் கத்திவிடுகிறேன்’ என்பதை வைத்து நிறையச் செய்யலாம். உதாரணத்துக்கு அவரிடமிருந்து ஒரு மெசேஜ்: “நேத்தும் லேட். உனக்குப் பொறுப்பே கிடையாது. பிள்ளைக்கு இருமல், அதைக்கூடக் கவனிக்கல.” கை தானாகப் பத்து வரி தட்டச்சு செய்யப் போகும். செஷனில் அதைச் சத்தமாகப் படித்து, பதில் தேவைப்படும் இடத்தை மட்டும் அடிக்கோடிடுவார்கள். இருமல் ஒன்றுதான் தேறும். பதில்: “இன்று மாலை டாக்டரிடம் காட்டுகிறேன். அவர் சொன்னதை இரவு 8 மணிக்குள் தெரிவிக்கிறேன்.” அவ்வளவுதான். முதல் சில முறை நெஞ்சு எரியும். மறுக்காமல் விட்டால் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று தோன்றும். அந்த எரிச்சலைத்தான் அடுத்த செஷனில் எடுத்துப் பேச வேண்டும், பிள்ளை முன்னால் அல்ல.

தூக்கத்துக்கு ‘கவலை நேரம்’ வைக்கச் சொல்வார்கள். மாலையில் 20 நிமிடம், படுக்கும் நேரத்தை ஒட்டி வேண்டாம். தாளில் இரண்டு பத்தி: நாளை செய்யக்கூடியது, என் கையில் இல்லாதது. இரவு இரண்டு மணிக்குக் கவலை வந்தால் ‘நாளை மாலை உனக்கு நேரம் இருக்கிறது’ என்று தள்ளிவைக்கப் பழகுவது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மனதில் இருப்பதையெல்லாம் கொட்டி எழுதுவது எல்லாருக்கும் நல்லதல்ல. பிரிந்து சில காலமே ஆனவர்களில், நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடுபவர்களுக்கு அது ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று உளவியலாளர் டேவிட் ஸ்பாரா குழுவினரின் 2013 ஆய்வு காட்டியது.

பிள்ளைகள் விஷயத்தில் நம்பிக்கை தரும் சான்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘நியூ பிகினிங்ஸ்’ திட்டம். விவாகரத்தான அம்மாக்களுக்குக் குழுவாக நடத்தினார்கள். பிள்ளையோடு தனி நேரம், குறுக்கிடாமல் கேட்பது, ஒரே சீரான கண்டிப்பு, பெற்றோர் சண்டையைப் பிள்ளை காதுக்குப் போகாமல் காப்பது ஆகியவற்றைப் பழக்கினார்கள். பயிற்சி அம்மாவுக்கு, பலன் பிள்ளைக்கு: ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பிள்ளைகளிடம் மனநலப் பிரச்சினைகள் குறைவாக இருந்தன. நீங்கள் தினம் 15 நிமிடத்தில் தொடங்கலாம். போன் வேறு அறையில், விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை.

“அப்பா ஏன் வரல?” என்ற கேள்விக்கும் தெரபிஸ்டோடு முன்கூட்டியே வாய்விட்டுப் பழகுங்கள். “அது பெரியவங்க விஷயம். உன்னால வந்தது இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் நீ வேணும்.” அவர் தொடர்பே இல்லாமல் போயிருந்தால் கடைசி வரியை விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு அது பொய் என்று தெரிந்துவிடும்.

தெரபி எங்கே தவறிப்போகிறது என்றால், 50 நிமிடமும் அந்த வாரச் சண்டையின் அறிக்கையாகவே போய்விடுவதில்தான். கடைசி 10 நிமிடத்தை ‘இந்த வாரம் எதை முயற்சி செய்வது’ என்பதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி அவரைத் திட்டும் தெரபிஸ்ட் ஆறுதலாக இருப்பார், ஆனால் உங்களை நகர்த்தமாட்டார். ஆறு முதல் எட்டு செஷனில் எதுவும் அசையவில்லை என்றால் வெளிப்படையாகக் கேளுங்கள், தேவைப்பட்டால் ஆளை மாற்றுங்கள். அடி, மிரட்டல் இருந்த உறவு என்றால் இருவரும் சேர்ந்து உட்காரும் கவுன்சலிங் வேண்டவே வேண்டாம். அங்கே வாய் திறந்ததற்கு வெளியே வந்ததும் தண்டனை கிடைக்கும். அப்படிப்பட்ட உறவில் முதல் வேலை பாதுகாப்புத் திட்டம்தான்.

தீர்ப்பு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சண்டை போட எதுவும் இல்லாத அந்த வாரங்களில்தான் துக்கம் முழுசாக வந்து உட்காரும். பிள்ளைகள் அப்பா வீட்டுக்குப் போகும் முதல் வார இறுதிக்கு அடுத்த நாளில் ஒரு செஷனை இப்போதே குறித்துவையுங்கள்.