பேருக்கு ஒரு ஞானஸ்நானம்

அன்புள்ள ஐயா,

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். கடவுள் நம்பிக்கை கிடையாது, எதிர்ப்பும் கிடையாது. ஐந்து வருடமாக ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் காதலிக்கிறேன். இரண்டு வீட்டாரும் பாதி இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில், "பேருக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கோங்க தம்பி, அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்கிறார்கள். என் சித்தப்பா, "கோயில்ல வெச்சுத் தாலியக் கட்டு, மறுநாளே ரிஜிஸ்டர் பண்ணிரலாம், சர்ச்சுப் பேச்சே வேண்டாம்" என்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட நண்பர்கள் இருவர் தயார். நம்பிக்கையே இல்லாதவனுக்கு எல்லாச் சடங்கும் ஒன்றுதானே? பிறர் மனம் நோகாமலிருக்க ஒரு சடங்குக்குத் தலைகொடுப்பது பெருந்தன்மையா, கோழைத்தனமா? நவீன மனிதனின் வாழ்வில் நம்பிக்கைக்கு என்ன இடம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நவீன மனிதனை விட்டுவிடுவோம், அவன் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். பெருந்தன்மையா கோழைத்தனமா என்பதும் நீங்கள் ராத்திரி படுக்கும்போது யோசித்துக்கொள்ள வேண்டியது. கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'பேருக்கு' என்ற அந்த ஒரு சொல்தான். கொஞ்ச நாளாகவே காதில் உறுத்திக்கொண்டிருக்கும் சொல் அது.

குழந்தைக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொல்வார்கள். பெரியவருக்கு அப்படி இல்லை. முதலில் மாதக்கணக்கில் மறைக்கல்வி. பிறகு, பெரும்பாலும் பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு), சர்ச் நிறைய ஆள் இருக்கும்போது, குரு உங்களைப் பார்த்துக் கேட்பார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? தந்தையை நம்புகிறீர்களா? மகனை? தூய ஆவியை? ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாயால் பதில் சொல்லவேண்டும். அப்புறம் தலையில் மூன்று முறை தண்ணீர். கையில் பாஸ்காத் திரியிலிருந்து பற்றவைத்த மெழுகுவர்த்தி. உங்களுக்கு நம்பிக்கை இல்லை, சரி. பின்னால் உங்கள் தோளில் கைவைத்து நிற்கும் ஞானத்தகப்பனுக்கு இருக்கிறது. அவரை வைத்துக்கொண்டு சொல்கிற பொய் அது. "எல்லாச் சடங்கும் ஒன்றுதான்" என்பது உங்கள் கணக்கு, அவருடையது அல்ல.

பெண் வீட்டுக்காரர்களையும் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் சபையே கேட்காத ஒன்றை அவர்கள் கேட்கிறார்கள். திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணப்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1086ஆம் எண் தடையாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தடையை ஆயர், அதாவது பிஷப், நீக்கலாம். அதற்கு 'விதிவிலக்கு' என்று பெயர். குறைந்தது மூன்று மாதம் முன்பே பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். பெண்ணின் திருமுழுக்குச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்கவேண்டும். வீட்டு பீரோவில் இருக்கும் பழையது செல்லாது. உங்களுக்கு இது முதல் திருமணம் என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பார்கள். இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போகவேண்டும். விண்ணப்பம் ஆயர் இல்லத்துக்குப் போய் விதிவிலக்கு வந்துவிட்டால், நீங்கள் நீங்களாகவே பீடத்தின் முன் நிற்கலாம். மந்திரித்த தாலியும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் தாலியை விட்டதே இல்லை. (1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் துர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவர்கள் அணியக்கூடாது என்று 1704இல் ஆணையே போட்டார். மஞ்சள் கயிற்றில் எதைக் கோப்பது என்ற சண்டைக்கு முந்நூறு வயதுக்கு மேல்.) இந்தத் திருமணம் சட்டப்படியும் செல்லும். 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும்.

இன்னொன்று. உங்கள் சாதி எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் என்றால், 1950ஆம் வருட அரசாணைப்படி அந்தத் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கு மட்டும்தான். திருமுழுக்கு எடுத்துவிட்டுப் பழைய சான்றிதழை நீட்டினால் அது மோசடி. பங்குக் கோயில் பதிவேட்டில் உங்கள் பெயர், தேதியோடு இருக்கும். பேருக்கு எடுத்தேன் என்று அங்கே எந்தக் கட்டத்திலும் எழுதமாட்டார்கள்.

இனி சித்தப்பா. நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அவர் சொல்கிற வழியில் உங்களுக்குத் திருமணமே ஆகாது. ஊரில் பலரும் இதை நம்பமாட்டேன் என்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இந்துத் திருமணச் சட்டம், 1955, 'இரு இந்துக்களுக்கு' இடையிலான திருமணத்தை மட்டுமே பேசுகிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சேர்த்த 7ஏ பிரிவு, அதாவது சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு, அதிலும் அதே இரண்டு சொற்கள்தான். ஐயர் வேண்டாம், மாலை மாற்றினால் போதும் என்று அது சொல்வது இந்துவும் இந்துவும் மணந்தால் மட்டும். 1996இல் ஒரு இந்துப் பெண்ணும் கத்தோலிக்க ஆணும் கோயிலில் தாலி கட்டி, அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவும் செய்தார்கள். அது செல்லாது என்று 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து! பதிவாளரின் முத்திரை, இல்லாத திருமணத்தை உண்டாக்காது. அது விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியதைப் பார்த்துக் குத்தியது. அங்கே மதம் என்ற இடத்தில் உங்கள் காதலிக்கு 'இந்து' என்று எழுதச் சொல்வார்கள். பேருக்குத்தான்!

உங்கள் சித்தப்பா யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. திருச்சபையின் அனுமதியில்லாமல் வெளியே மணந்த கத்தோலிக்கர் நன்மை, அதாவது பூசையில் குரு கொடுக்கும் அப்பம், வாங்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வரிசை எழுந்து போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும். அது அந்தப் பெண்ணுக்குப் பெரிய விஷயமா இல்லையா? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. அவர் வீட்டார் பேசுகிறார்கள், சித்தப்பா பேசுகிறார், நீங்கள் தத்துவம் பேசுகிறீர்கள். ஐந்து வருடக் காதலி ஒரு வாக்கியம் பேசவில்லை. எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டிருக்கவேண்டாமா?

இரண்டு பேரும் கோயில் பக்கமும் சர்ச் பக்கமும் போகவேண்டாம் என்று முடிவுசெய்தால் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் நான் ஏன் 'பேருக்கு' என்ற சொல்லோடு மல்லுக்கு நிற்கிறேன் என்பது புரியும். இதன் முதல் வடிவம் 1872இல் வந்தது, வங்காளச் சீர்திருத்தவாதி கேசவ் சந்திர சென்னின் பிரம்ம சமாஜத்தார் கேட்டுப் பெற்றது. அதில் மணம் செய்ய வேண்டுமென்றால், நான் கிறிஸ்தவன் இல்லை, யூதன் இல்லை, இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, பார்சி இல்லை, பௌத்தன் இல்லை, சீக்கியன் இல்லை, ஜைனன் இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். நம்பிக்கையுள்ளவர்களும் வேறு வழியில்லாமல் போட்டார்கள். சட்டமே பொய் சொல்லச் சொன்னது. 1923இல் இந்து, பௌத்த, சீக்கிய, ஜைனர்கள் தமக்குள் மணப்பதற்கு அந்த மறுப்பு வேண்டாம் என்று திருத்தினார்கள். 1954இல் எல்லோருக்குமே அது போயிற்று. யாரும் எதையும் துறக்காமல், எதிலும் சேராமல் மணக்கலாம் என்று ஆவதற்கு இந்த நாட்டில் எண்பத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஒருவர் வேறுவழியின்றிச் சொன்ன பொய்யை இன்று நீங்கள் சௌகரியத்துக்காகச் சொல்லக் கிளம்புகிறீர்கள். அதை என்னால் பெருந்தன்மை என்று சொல்லமுடியவில்லை.

நடைமுறை இதுதான். மணக்கப்போகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். உங்களில் ஒருவர் அந்த நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் அதற்கு முந்தைய முப்பது நாளாவது குடியிருந்திருக்கவேண்டும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறதே என்று இரண்டு நாள் லீவில் வந்து கொடுப்பது தவறு; பின்னால் யாராவது கிளறினால் அதுதான் முதல் ஓட்டை. நோட்டீஸ் அலுவலகப் பலகையில் முப்பது நாள் தொங்கும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு பிரதி ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் காரணங்கள் எண்ணி வைத்தவை: ஏற்கெனவே துணை உயிரோடிருப்பது, வயது, மனநிலை, மணக்கக்கூடாத உறவு. "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வீண் ஆட்சேபம் செய்தவருக்கு ஆயிரம் ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம் என்கிறது 9ஆம் பிரிவு; 1954இல் அது ஒரு தொகை.

சாதிக்காக வெட்டுகிற ஊரில் அந்த முப்பது நாள் உயிராபத்து. அதை நான் லேசாகச் சொல்லவில்லை. அறிவிப்பை வெளியிடுவது மணமக்கள் விருப்பம் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதனால்தான். இங்குள்ள சார்பதிவாளரை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரியும். சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதற்கு, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று எல்லோர் முன்பும் அறிவிப்பதற்கு, கூசாத சனம் ஒரு காகிதத்துக்கு ஏன் கூசவேண்டும்?

உங்களைப்போன்ற இணைகளைக் கவிழ்ப்பது ஆட்சேபம் அல்ல, காலண்டர். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மணம் முடியாவிட்டால் அது காலாவதி. அக்டோபர் கடைசியில் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். நவம்பர் கடைசிவரை காத்திருப்பு. டிசம்பர் வந்தால் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், உங்கள் வீட்டில் மார்கழி; இரண்டிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். தை பிறக்கும்போது கையில் இரண்டே வாரம். மண்டபம் கிடைக்கவில்லை என்று தள்ளினால் மறுபடி முதலிலிருந்து. மண்டபத்தையும் பதிவையும் பிரித்துவிடுங்கள்.

சொத்து பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சித்தப்பா ஒருநாள் கேட்பார். இந்தச் சட்டத்தில் மணக்கும் இந்து, கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கொள்ளப்படுவார். பங்கு போய்விடாது, பாகம் பிரிந்ததாகக் கணக்கு, அவ்வளவுதான். வாரிசுரிமைக்கு இனி 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்.

குழந்தையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. விதிவிலக்கு வழியில் போனால், பிறக்கும் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று அந்தப் பெண் வாக்குக் கொடுக்கவேண்டும். அது திருச்சபைச் சட்டத்தின் 1125ஆம் எண். நீங்கள் கையெழுத்துப் போடவேண்டியதில்லை, ஆனால் உங்களுக்கு அது முறையாகத் தெரிவிக்கப்படும். அப்போது தலையாட்டிவிட்டு, உங்கள் அம்மா பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டையடிக்கத் தேதி குறிக்கும்போது விழிக்காதீர்கள். இரண்டு வீட்டு அம்மாக்களையும் உட்காரவைத்து இதைப் பேச வேண்டியது இப்போது, சீமந்தத்தன்று அல்ல.

பதிவு அலுவலகத்தில் சடங்கு எதுவும் கட்டாயமில்லை, மாலை இருந்தால் இருக்கட்டும். இன்னாரை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன் என்று அலுவலர் முன்பும் சாட்சிகள் முன்பும் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும், அவரும் அப்படியே. தமிழில் சொல்லலாம். சாட்சி மூன்று பேர், நீங்கள் எழுதியிருப்பது இரண்டு. மூன்றாமவரை இன்றே கேட்டு வையுங்கள். அன்று காலையில் அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரரைப் பிடித்து இழுக்காதீர்கள்.